ஐ.டி.ஐ. முடித்த மகன்: அப்ரண்டிஸ் போகட்டுமா, காண்ட்ராக்ட் வேலைக்குப் போகட்டுமா?

#1 தையல்மெஷின் | திங்கள், இரவு 10.15

எல்லோருக்கும் வணக்கம். நான் தாராபுரம் பக்கம். திருப்பூரில் பனியன் கம்பெனியில் சிங்கர் டெய்லர், தினமும் கம்பெனி வேனில் போய் வருகிறேன். வீட்டுக்காரர் தவறி மூன்று வருஷம் ஆகிறது. மகன் அரசு ஐ.டி.ஐ.யில் ஃபிட்டர் இரண்டு வருஷம் படித்து இப்போதுதான் முடித்தான். படித்த வரைக்கும் எங்களுக்குப் பெரிய செலவில்லை. மாதம் 750 ரூபாய் உதவித்தொகை வந்தது, தமிழ்ப் புதல்வன் 1,000 ரூபாய் வந்தது. சைக்கிள், யூனிஃபார்ம், ஷூ, பஸ் பாஸ் எல்லாம் கொடுத்தார்கள்.

இப்போது இரண்டு வழி வந்திருக்கிறது. ஸ்ரீபெரும்புதூர் பக்கம் கார் பாகம் செய்யும் கம்பெனியில் காண்ட்ராக்ட் வேலை. மாதம் 16,000, ஓவர்டைம் பார்த்தால் 19,000 வரை வரும், ரூமும் சாப்பாடும் அவர்களே தருவார்கள் என்று ஏஜென்ட் சொல்கிறார். இன்னொன்று கோயம்புத்தூரில் ஒரு பம்ப் கம்பெனியில் ஒரு வருஷம் அப்ரண்டிஸ், 9,500 ரூபாய். பையன் முதல் வழிக்குத்தான் துடிக்கிறான். கூடப் படித்தவர்கள் போய் போன் வாங்கிவிட்டார்கள்.

எனக்கு மகளிர் குழுக் கடன் மாதம் 2,900 கட்ட வேண்டும். 16,000 வந்தால் மூச்சு விடலாம். ஆனால் மனசு ஒப்பவில்லை. வேலைக்காரர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.

---

#2 பாலாற்றங்கரை | திங்கள், இரவு 10.32

காசு வருகிற வேலைக்கு அனுப்புங்கக்கா. அனுபவம் தானாக வரும்.

---

#3 ஒரகடம்_பி_ஷிப்ட் | திங்கள், இரவு 11.50

தானாக வராது அண்ணா. நான் அதே ஏரியாவில் ஐந்து வருஷமாக இருக்கிறேன், நானும் ஃபிட்டர் டிரேடுதான். இப்போதுதான் பி ஷிப்ட் முடிந்து பஸ்ஸில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

என் வேலை என்னவென்று சொல்கிறேன். டிரேயிலிருந்து பீஸை எடுக்க வேண்டும், ஃபிக்ஸ்சரில் வைக்க வேண்டும், இரண்டு கையாலும் இரண்டு பட்டனை அழுத்த வேண்டும், பிரஸ் இறங்கி ஏறும், எடுத்து அடுத்த டிரேயில் போட வேண்டும். ஒரு பீஸுக்கு 22 நொடி. ஐந்து வருஷத்தில் மூன்று கம்பெனி மாறிவிட்டேன், மூன்றிலும் இதேதான், பீஸ் மட்டும் மாறும். ஐ.டி.ஐ.யில் வெர்னியர் பார்க்கத் தெரியும், மைக்ரோமீட்டர் பார்க்கத் தெரியும். போன மாதம் ஒரு இன்டர்வியூவில் மைக்ரோமீட்டரைக் கையில் கொடுத்து அளக்கச் சொன்னார்கள். கை தடுமாறிவிட்டது. அன்றைக்கு ரூமுக்கு வந்து யாரிடமும் பேசவில்லை.

அந்த 16,000-ஐயும் கொஞ்சம் பிரித்துக் கேளுங்கள். பி.எஃப்., இ.எஸ்.ஐ. பிடித்த பிறகா, பிடிப்பதற்கு முன்பா? ரூம் வாடகை, கேன்டீன் கழிப்பார்களா? என் முதல் கம்பெனியில் வாயால் சொன்னதற்கும் கைக்கு வந்ததற்கும் 3,000 ரூபாய் வித்தியாசம் இருந்தது.

---

#4 அரமும்_ரம்பமும் | செவ்வாய், காலை 6.20

அம்மா, நான் 31 வருஷம் ஃபிட்டர் பயிற்றுநராக இருந்து ஓய்வு பெற்றவன். உங்கள் மகன் என்னிடம் படித்திருந்தால் என்ன சொல்லியிருப்பேனோ அதையே எழுதுகிறேன்.

ஃபிட்டர் வகுப்பில் முதல் மாதங்கள் முழுக்க அரம் பிடிப்பதுதான். எம்.எஸ். ஃபிளாட் (இரும்புப் பட்டை) ஒரு துண்டு, வைஸில் கட்டிக் கொடுத்துவிடுவேன். பழகாத கை தொட்டில் மாதிரி ஆடும், அதனால் நடுவில் மேடும் இரண்டு ஓரத்திலும் பள்ளமும் விழும். ராவி முடித்ததும், செங்கோணம் பார்க்கும் ட்ரை ஸ்கொயரை அதன்மேல் வைத்து ஜன்னல் வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பார்க்கச் சொல்வேன். விளிம்புக்கு அடியில் வெளிச்சம் கசிந்தால் திரும்பவும் வைஸுக்குப் போக வேண்டும். உள்ளங்கை கொப்பளித்து, உடைந்து, காய்த்த பிறகு ஒரு நாள் வெளிச்சம் கசியாது. அன்றைக்கு அந்தப் பையன் முகத்தைப் பார்க்க வேண்டும்.

இவ்வளவும் அரிச்சுவடிதான். இரண்டு வருஷத்தில் நாங்கள் எழுத்துக் கூட்டத்தான் கற்றுக்கொடுக்கிறோம். ஓடுகிற மெஷினில் பேரிங் ஏன் சூடாகிறது, சத்தத்தை வைத்து அலைன்மென்ட் போனதை எப்படிக் கண்டுபிடிப்பது, அவசரத்தில் எந்த போல்ட்டை முதலில் தளர்த்துவது என்பதெல்லாம் தொழிற்சாலையில் மூத்த ஃபிட்டர் ஒருவர் பக்கத்தில் ஒரு வருஷமாவது நின்றால்தான் வரும். அந்த ஒரு வருஷத்துக்குத்தான் அப்ரண்டிஸ் என்று பெயர். 1961-ஆம் ஆண்டுச் சட்டமே அதற்காக வந்தது. முடிவில் தேர்வு எழுதினால் தேசிய அப்ரண்டிஸ் சான்றிதழ் கிடைக்கும். ரயில்வேயில் அப்ரண்டிஸ் முடித்தவர்களுக்கு லெவல்-1 எனப்படும் தொடக்கநிலைப் பணியிடங்களில் 20 சதவீதம் ஒதுக்கீடு இருக்கிறது.

ஆனால் அப்ரண்டிஸ் என்று போர்டு மாட்டிய இடமெல்லாம் அப்படி இருக்காது. அதனால் போய்ப் பார்த்துக் கேளுங்கள். யாரிடம் விடுவீர்கள், அவர் எத்தனை வருஷ ஆள்? எந்தெந்தப் பிரிவில் எத்தனை மாதம்? போன வருஷம் முடித்த பையன்கள் இப்போது எங்கே இருக்கிறார்கள்? ஒப்பந்தத்தை அரசு இணையதளத்தில் பதிவு செய்வீர்களா, பதிவு எண் தருவீர்களா? இதற்கெல்லாம் பதில் சொல்லத் தயங்கும் இடத்தில் விடாதீர்கள். அப்ரண்டிஸோ நேரடி வேலையோ, இரண்டுக்கும் இதே கேள்விதான்.

---

#5 தையல்மெஷின் | செவ்வாய், இரவு 9.40

ஐயா, உங்களுக்கு ரொம்ப நன்றி. ஒன்றை மறைக்காமல் சொல்கிறேன். அப்ரண்டிஸ் என்ற சொல்லைக் கேட்டாலே எனக்கு அடிவயிறு கலங்கும். என் தங்கையை 17 வயதில் ஒரு நூல் மில்லில் சேர்த்தோம். அப்ரண்டிஸ் என்றுதான் சொன்னார்கள். சுமங்கலித் திட்டம் என்று ஊரில் பேசுவார்களே, அதுதான். மூன்று வருஷம் ஹாஸ்டலில் இருந்து வேலை பார்த்தால் கடைசியில் கல்யாணத்துக்கு மொத்தமாக ஒரு தொகை தருவோம் என்றார்கள். இரண்டரை வருஷத்தில் பஞ்சுத் தூசியில் மூச்சு வாங்கி உடம்பு விழுந்துவிட்டது. திரும்ப அழைத்து வந்தோம். மூன்று வருஷம் முடியவில்லை என்று ஒரு பைசா தரவில்லை. என்ன வேலை கற்றுக்கொண்டாள் என்று கேட்டால், அறுந்த நூலைப் பிணைப்பது. அதை அவள் முதல் வாரத்திலேயே கற்றுக்கொண்டாள்.

அதனால்தான் 9,500 அப்ரண்டிஸ் என்றதும் எனக்கு அவள் முகம் வந்தது.

---

#6 480_நாள் | செவ்வாய், இரவு 10.25

சகோதரி, உங்கள் பயம் நியாயமானது. தொழிற்சங்கத்தில் இருப்பதால் சட்டம் என்ன சொல்கிறது என்று எழுதுகிறேன்.

சட்டப்படி அப்ரண்டிஸ் தொழிலாளி இல்லை, பயிற்சி பெறுபவர். 18-ஆம் பிரிவு இதைத் தெளிவாகச் சொல்கிறது. அதனால் பி.எஃப்., இ.எஸ்.ஐ. கிடையாது. முடித்ததும் வேலை கொடுத்தே ஆக வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. நெய்வேலியில் அப்ரண்டிஸ் முடித்தவர்கள் நிரந்தர வேலை கேட்டு எத்தனை முறை ரோட்டில் உட்கார்ந்தார்கள் என்று எல்லோருக்கும் தெரியும். அதே சமயம், பயிற்சியில் அடிபட்டால் நஷ்டஈடு முதலாளியின் பொறுப்பு என்று 16-ஆம் பிரிவில் இருக்கிறது. அப்ரண்டிஸ் ஆலோசகரின் அனுமதி இல்லாமல் ஓவர்டைம் வேலை வாங்கக் கூடாது. குறைந்தபட்ச உதவித்தொகை படிப்பைப் பொறுத்து 5,000 முதல் 9,000 வரை என்று 2019 விதிகளில் வைத்தார்கள். உங்கள் பையனுக்குச் சொன்ன 9,500 அதற்கு மேல்தான்.

இந்தப் பாதுகாப்பெல்லாம் ஒப்பந்தம் பதிவானால்தான் கைகொடுக்கும். உங்கள் தங்கை விஷயத்தில் பெயர்தான் அப்ரண்டிஸ், உள்ளே நடந்தது முழு வேலை. 'ட்ரெய்னி' என்று இப்போது கொடுக்கும் பல கடிதங்களும் இந்த வகைதான். பயிற்சித் திட்டமும் இருக்காது, வேலை ஆணையும் இருக்காது. இரண்டு பக்கமும் இல்லாத நடுவாந்திரம்.

காண்ட்ராக்ட் பக்கம் வருவோம். தமிழ்நாட்டில் 1981-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று இருக்கிறது. 24 மாதத்துக்குள் 480 நாள் தொடர்ந்து வேலை பார்த்தவரை நிரந்தரமாக்க வேண்டும். நான் பெயர் வைத்துக்கொண்டதே அதை வைத்துத்தான். 460, 470 நாளில் 'பிரேக்' கொடுத்து வெளியே அனுப்பி, ஒரு மாதம் கழித்து வேறு காண்ட்ராக்டர் பெயரில் திரும்ப எடுப்பார்கள். ஏஜென்ட் பிரேக் பற்றிச் சொன்னாரா என்று கேளுங்கள்.

---

#7 ஒரகடம்_பி_ஷிப்ட் | புதன், நள்ளிரவு 12.10

> 460, 470 நாளில் 'பிரேக்' கொடுத்து

எனக்கு 468-ஆவது நாள். மூன்று கம்பெனி மாறினேன் என்று எழுதினேனே, நானாக மாறவில்லை.

அதற்கு முன்னாடி ஒரு வருஷம் 'நீம்' ட்ரெய்னியாகவும் இருந்தேன். ஏ.ஐ.சி.டி.இ. (அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழு) 2013-இல் கொண்டுவந்த திட்டம். வேலை பார்த்துக்கொண்டே பயிற்சி என்றார்கள். லைனில் நிரந்தரத் தொழிலாளி செய்த அதே வேலையைத்தான் செய்தேன், கால்வாசிச் சம்பளத்துக்கு. பிறகு அந்தத் திட்டத்தையே நிறுத்திவிட்டார்கள். என் ஒரு வருஷம் போனது போனதுதான். அதனால் பயிற்சி என்றாலே நல்லது என்று யாரும் சொல்ல வேண்டாம். ஐயா சொன்ன மாதிரி, யார் பக்கத்தில் நிற்கப் போகிறான் என்று பாருங்கள், அதுதான் கணக்கு.

---

#8 கணபதி_லேத் | புதன், காலை 8.05

நான் கோவை கணபதியில் ஜாப் ஆர்டர் பட்டறை வைத்திருக்கிறேன். 14 பேர், ஆறு லேத், கம்ப்யூட்டரில் ஓடும் சி.என்.சி. மெஷின் இரண்டு. பம்ப் கம்பெனிகளுக்கு இம்பெல்லர், ஷாஃப்ட், பேரிங் ஹவுசிங் கடைந்து கொடுக்கிறோம். எல்லோரும் தொழிலாளி பக்கத்திலிருந்து பேசுகிறீர்கள். நியாயம்தான். பட்டறைக்காரன் பக்கமும் கொஞ்சம் கேளுங்கள்.

எங்கள் தெருவில் எட்டுப் பட்டறை வாசலில் 'ஆள் தேவை' போர்டு தொங்குகிறது. இந்தப் பக்கம் பையன்கள் வேலை இல்லை என்கிறார்கள். எனக்கும் இது பல நாள் புரியாமல்தான் இருந்தது. ஐ.டி.ஐ. முடித்து வருகிற பையனை முதல் ஆறு மாதம் மெஷினில் தனியாக விட முடியாது. ஒரு காஸ்டிங்கைத் தப்பாகக் கடைந்தால் மெட்டீரியல் என் கணக்கில் போகும். பெரியவர் ஒருவரை அவன் பக்கத்தில் நிறுத்தினால் அவர் உற்பத்தி பாதியாகும். ஒன்றரை வருஷம் கழித்து அவன் கைக்கு வேலை வரும். டிராயிங் பார்த்து, பீஸைப் பிடிக்கும் ஜா செட் செய்து, பத்து மைக்ரானுக்குள் நிறுத்துவான். தீபாவளி போனஸ் வாங்குவான், மறு வாரம் பெரிய கம்பெனியில் இருப்பான். நான்கு பேர் இப்படிப் போனார்கள். ஐந்தாவது ஆளுக்குச் சொல்லிக்கொடுக்க எனக்கு மனசு வரவில்லை. இப்போது ஒடிசா, பீகார் பையன்களை எடுக்கிறேன். அவர்களும் கற்றுக்கொண்டால் போகத்தான் போகிறார்கள்.

சின்னப் பட்டறைகள் கற்றுக்கொடுக்க, பெரிய கம்பெனிகள் அறுவடை செய்கின்றன. பயிற்சிச் செலவை யார் ஏற்பது என்று கேட்காமல் வேலைவாய்ப்பு பற்றிப் பேசி என்ன பிரயோஜனம்?

---

#9 அரமும்_ரம்பமும் | புதன், காலை 9.30

கணபதிக்காரரே, உங்கள் கேள்வி சரியான கேள்வி. பெரிய கம்பெனியிடம் போன ஆளைத் திருப்பிக் கேட்க முடியாது. ஆனால் அவனுக்குக் கற்றுக்கொடுக்கிற காலத்துச் செலவில் ஒரு பங்கை வாங்க வழி இருக்கிறது. 30 பேருக்கு மேல் இருக்கும் நிறுவனம் அப்ரண்டிஸ் எடுத்தே ஆக வேண்டும், மொத்த ஆட்களில் 2.5 முதல் 15 சதவீதம். நான்கு பேர் இருந்தாலே விருப்பப்பட்டால் எடுக்கலாம், அதனால் நீங்களும் எடுக்கலாம். 2016-இல் வந்த தேசிய அப்ரண்டிஸ் ஊக்குவிப்புத் திட்டத்தில் உதவித்தொகையில் 25 சதவீதம், 1,500 ரூபாய் வரை, மத்திய அரசு ஏற்கிறது. பெரிய தொகை இல்லை, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ஒரு வருஷம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டால் பையனும் நடுவில் ஓட மாட்டான், நீங்களும் பாதியில் அனுப்ப மாட்டீர்கள்.

புது ஆள் எடுப்பதற்கு இன்னொரு திட்டமும் இருக்கிறது. முதல் முறையாக பி.எஃப்.-இல் சேரும் தொழிலாளிக்கு இரண்டு தவணையில் 15,000 ரூபாய் வரை, முதலாளிக்கு ஒரு ஆளுக்கு மாதம் 3,000 வரை இரண்டு வருஷம். 2025 ஆகஸ்ட் 1 முதல் 2027 ஜூலை 31 வரை உருவாகும் வேலைகளுக்கு. மொத்தம் 99,446 கோடி ஒதுக்கியிருக்கிறார்கள். ஆட்களை பி.எஃப்.-இல் காட்டாத பட்டறைக்கு இதில் ஒன்றும் வராது. கணபதியில் எத்தனை பட்டறை காட்டுகிறது என்று உங்களுக்கே தெரியும்.

கோயம்புத்தூர் இப்படி ஆனதே பட்டறையும் பள்ளிக்கூடமும் ஒட்டிக்கொண்டு வளர்ந்ததால்தான். பி.எஸ்.ஜி. இண்டஸ்ட்ரியல் இன்ஸ்டிடியூட் 1926-இல் வந்தது. ஜி.டி. நாயுடு 1945-இல் அப்போதைய சென்னை கவர்னர் ஆர்தர் ஹோப் பெயரில் தொழில்நுட்பக் கல்லூரி தொடங்கியபோது, பொறியியலுக்கு நான்கு வருஷம் வீண், இரண்டு வருஷம் போதும், மிச்சம் வேலை செய்துதான் வரும் என்று வாதாடினார். அரசு ஒத்துக்கொள்ளாததால் விலகிவிட்டார். அதுதான் இன்றைய ஜி.சி.டி. கல்லூரி. அவர் கேட்ட கேள்வியைத்தான் இந்த அம்மா இன்று கேட்கிறார்கள்.

---

#10 சிஎன்சி_அக்கா | புதன், மாலை 7.15

இரண்டு விஷயம்.

ஆபரேட்டர் வேறு, செட்டர் வேறு. சி.என்.சி.யில் பீஸை மாட்டி, கதவைச் சாத்தி, பச்சை பட்டனை அழுத்துகிறவர் ஆபரேட்டர். டூல் தேய்ந்தால் ஆஃப்செட் (அளவுத் திருத்தம்) எவ்வளவு கொடுக்க வேண்டும், புது ஜாப் வந்தால் ஜீரோ எங்கே எடுக்க வேண்டும், புரோகிராமில் எந்த வரியில் ஃபீடைக் குறைக்க வேண்டும் என்று தெரிந்தவர் செட்டர். ஒரே மெஷின் முன்னால்தான் இரண்டு பேரும் நிற்கிறார்கள், சம்பளம் ஏறக்குறைய இரண்டு மடங்கு வித்தியாசம். நான் டர்னர் டிரேடு முடித்து மூன்று வருஷம் ஆபரேட்டராக இருந்தேன். செட்டர் அண்ணன் ஆஃப்செட் ஸ்கிரீனைத் திறந்தால் அண்ணா கொஞ்சம் நகருங்க, நானும் பார்க்கிறேன் என்று ஒவ்வொரு தடவையும் கேட்பேன். பொம்பளைப் பிள்ளைக்கு எதுக்கு என்பார். அவர் லீவில் போன நாளில் மெஷின் நின்றது. நான் போட்ட ஆஃப்செட்டில் பீஸ் ஓ.கே. ஆனது. அதற்குப் பிறகு அவரே சொல்லிக்கொடுத்தார். இன்றைக்கு நான்கு மெஷினுக்கு நான்தான் செட்டர்.

அடுத்தது பெண் பிள்ளை வைத்திருப்பவர்களுக்கு. தமிழ்நாட்டு அரசு ஐ.டி.ஐ.யில் பெண்களுக்கு வயது வரம்பு கிடையாது. தையல், கம்ப்யூட்டர் டிரேடு மட்டும் பார்க்காதீர்கள். டர்னர், மெஷினிஸ்ட், வெல்டர் எதுவும் சேரலாம். 71 அரசு ஐ.டி.ஐ.களில் டாடா டெக்னாலஜிஸோடு சேர்ந்து 2,877 கோடியில் புது லேப் வந்திருக்கிறது, ரோபோ, சி.என்.சி., மின்வாகனம் எல்லாம். மெஷின் வந்துவிட்டது. அதை முழு நாளும் ஓட்டிக் காட்டுகிற பயிற்றுநர் போதுமான அளவு வேண்டும், அதற்குத்தான் குரல் கொடுக்க வேண்டும். அப்புறம் எந்தக் கம்பெனி போனாலும் முதலில் டாய்லெட்டைப் பாருங்கள். ஷாப்புக்குள் பெண்களுக்குத் தனி டாய்லெட் இல்லாத கம்பெனி உங்களை நிறைய நாள் வைத்துக்கொள்ள நினைக்கவில்லை.

---

#11 கிளிநொச்சியான் | புதன், இரவு 9.05

இங்கே இலங்கையிலிருந்து வாசிக்கிறேன். எங்கள் பக்கத்தில் ஒரு நல்ல விசயம் இருக்கிறது, சொல்லாமல் இருக்க மனம் வரவில்லை.

போர்க் காலத்தில் பள்ளிக்கூடம் போகாத பெடியள் நிறையப் பேர் மேசன் வேலை, வெல்டிங், மோட்டார் திருத்துறது என்று பார்த்துப் பார்த்தே பழகினவர்கள். கையில் அருமையான வேலை, தாளில் ஒன்றும் இல்லை. இங்கே என்.வி.கியூ. என்று தேசியத் தொழில் தகைமை முறை இருக்கிறது. வகுப்புக்கே போகாத ஆளும் தன் அனுபவத்தைக் காட்டி, மதிப்பீட்டாளருக்கு முன்னால் வேலையைச் செய்து காட்டி, மூன்றாம் மட்டமோ நாலாம் மட்டமோ சான்றிதழ் எடுக்கலாம். என்னுடைய மாமா 52 வயதில் எடுத்தார். சுவரைக் கட்டி, தூக்குக்குண்டு பிடித்து, மட்டம் வைத்துக் காட்டினார். சான்றிதழை பிரேம் போட்டு சாமிப் படத்துக்குப் பக்கத்தில் மாட்டியிருக்கிறார்.

கிளிநொச்சி அறிவியல்நகரில் 2016-இல் திறந்த இலங்கை ஜேர்மன் பயிற்சி நிறுவனமும் இருக்கிறது. வகுப்போடு தொழிற்சாலைப் பயிற்சியும் சேர்த்துத்தான் பாடத்திட்டம். தமிழ்நாட்டில் கொத்தனாருக்கும் மேஸ்திரிக்கும் இப்படி ஏதும் வழி உண்டா?

---

#12 கரண்ட்டுக்காரன் | புதன், இரவு 10.40

@கிளிநொச்சியான் அண்ணே, ஒயரிங்காரனுக்கு உண்டு. மின்கம்பியாள் உதவியாளர் தகுதிகாண் தேர்வு என்று வேலைவாய்ப்பு, பயிற்சித் துறை நடத்துகிறது. 21 வயது முடிந்திருக்க வேண்டும், ஒயரிங்கில் ஐந்து வருஷத்துக்குக் குறையாத அனுபவம் காட்ட வேண்டும். ஐ.டி.ஐ. வாசலை மிதிக்காத நான் அப்படித்தான் எழுதினேன். பத்து வருஷம் ஒரு காண்ட்ராக்டரிடம் சுவரில் காடி வெட்டினேன், பைப் போட்டேன், ஒயர் இழுத்தேன். அந்த ஒரு தாள் வந்த பிறகுதான் என் பெயரில் வேலை எடுக்க ஆரம்பித்தேன்.

கொத்தனாருக்கு நல வாரிய அட்டை இருக்கிறது. 1994-இல் கட்டுமானத் தொழிலாளர் நல வாரியம் வந்தது. விபத்து, கல்யாணம், பிள்ளைகள் படிப்புக்கு உதவி கிடைக்கும். அது நல உதவி. வேலைக்காரனின் கையை மதித்துத் தரும் சான்றிதழ் வேறு. மத்திய அரசுத் திட்டத்தில் ஏற்கெனவே வேலை தெரிந்தவர்களுக்கும் சான்றிதழ் உண்டு, ஆனால் சில நாள் வகுப்பு வைத்து, போட்டோ எடுத்து, சான்றிதழ் கொடுப்பதோடு எங்கள் ஊரில் முடிந்துவிட்டது. மாமா சுவர் கட்டிக் காட்டிய மாதிரி இங்கே யாரும் கட்டச் சொல்லவில்லை.

---

#13 ஆர்கன்_வெல்டர் | வியாழன், காலை 11.20

வெளிநாட்டு ஆசை உங்கள் பையனுக்கும் வரும், அதனால் எழுதுகிறேன். ஃபிட்டரோ வெல்டரோ, வளைகுடாவில் யாரும் சர்டிபிகேட்டை முதலில் பார்ப்பதில்லை, டெஸ்ட்தான். எனக்கு 6ஜி டெஸ்ட். பைப்பை 45 டிகிரி சாய்வில் அசையாமல் கட்டிவிடுவார்கள். நாம்தான் அதைச் சுற்றி மேலேயும் கீழேயும் வளைய வேண்டும். ரூட் என்கிற முதல் அடுக்கை ஆர்கனில் போட வேண்டும், மேலே ராடில் நிரப்பி கேப் என்கிற கடைசி அடுக்கை முடிக்க வேண்டும். அப்புறம் எக்ஸ்ரே. உள்ளே ஊசி முனை அளவு காற்றுக் குமிழி கூட்டமாக இருந்தாலும் ஃபெயில். இரண்டு தடவை ஃபெயில் ஆனேன். மூன்றாவது தடவைக்கு முன்னால் திருச்சியில் ஒரு ஃபேப்ரிகேஷன் ஷாப்பில் பாதிச் சம்பளத்துக்கு எட்டு மாதம் நின்றேன், அங்கே இருந்த ஒரு பெரியவரிடம் ரூட் போடக் கற்றுக்கொள்வதற்காக மட்டும். அந்த எட்டு மாதம்தான் பத்து வருஷமாக எனக்குச் சோறு போடுகிறது.

ஏஜென்ட்டிடம் போவதற்கு முன் சென்னையில் அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனத்தில் பதிவு செய்யுங்கள். 1978-லிருந்து இருக்கிறது.

---

#14 பாலாற்றங்கரை | வியாழன், மதியம் 1.10

நான்தான் முதலில் காசுக்கு அனுப்புங்கள் என்று எழுதினேன். எல்லாவற்றையும் படித்தேன். ஆனாலும் மாதம் 2,900 கடன் கட்டுகிற வீட்டில் ஒரு வருஷம் 6,500 குறைவாக வாங்குவது என்பது லேசான விஷயம் இல்லை. ஒரு வருஷத்துக்கு 78,000 ரூபாய். அதையும் யோசித்துத்தான் சொல்ல வேண்டும். கற்றுக்கொள்கிற காலத்தில் வீடு எப்படி ஓடும் என்பதற்கு எந்தத் திட்டத்திலும் பதில் இல்லை. படிக்கும்போது 1,000 ரூபாய் கொடுக்கிற அரசு, அப்ரண்டிஸ் ஒரு வருஷத்துக்கும் அதே மாதிரி வீட்டுக்குக் கொடுத்தால் என்ன?

---

#15 480_நாள் | வியாழன், மதியம் 2.00

தம்பி சொன்னதை வழிமொழிகிறேன். எங்கள் சங்கத்தின் அடுத்த கோரிக்கை மனுவில் இதைச் சேர்க்கச் சொல்கிறேன்.

---

#16 தையல்மெஷின் | ஞாயிறு, மாலை 5.30

எல்லோரும் என் வீட்டுப் பிள்ளை மாதிரி நினைத்து எழுதியிருக்கிறீர்கள். வெள்ளிக்கிழமை லீவு போட்டுவிட்டு பையனைக் கூட்டிக்கொண்டு கோயம்புத்தூர் போனேன். ஐயா சொன்ன கேள்விகளை ஒரு தாளில் எழுதிக்கொண்டு போனேன்.

ஸ்ரீபெரும்புதூர் ஏஜென்ட்டுக்கு முந்தின நாளே போன் போட்டேன். பி.எஃப்., கேன்டீன், ரூம் எல்லாம் கழித்து எவ்வளவு வரும் என்றேன். 12,800 என்றார். பிரேக் உண்டா என்று கேட்டதும் அதெல்லாம் அப்புறம் பார்த்துக்கலாம்மா என்று வைத்துவிட்டார்.

பம்ப் கம்பெனியில் ஆபீஸில் இருந்த தம்பி பதிவு எண் கட்டாயம் தருவோம் என்றார். எந்தப் பிரிவு என்றதற்கு அசெம்பிளி என்றார். ஒரு வருஷமும் அசெம்பிளியா என்றேன். கொஞ்சம் யோசித்து, உள்ளே கூட்டிப் போய் மெயின்டனன்ஸ் பிரிவில் ஒரு பெரியவரிடம் விட்டார். அவர் என்னிடம் ஒன்றும் பேசவில்லை. பையன் கையைத் திருப்பிப் பார்த்தார். பெஞ்சில் இருந்த ஒரு துண்டை எடுத்துக் கொடுத்து ராவு என்றார். ஐந்து நிமிஷம் ராவினான். ஸ்கொயரை வைத்துத் தூக்கிப் பார்த்தார். ஓரத்தில் வெளிச்சம் தெரிந்தது, எனக்கே தெரிந்தது. "ஆறு மாசம் அசெம்பிளி, ஆறு மாசம் என்கிட்ட" என்று ஆபீஸ் தம்பியிடம் சொன்னார். ஒப்பந்தத் தாளில் அப்படியே எழுதித் தரச் சொன்னேன், எழுதிக் கொடுத்தார்கள். போன வருஷத்துப் பையன்கள் ஒன்பது பேரில் நான்கு பேர் அங்கேயே இருக்கிறார்கள். இரண்டு பேரிடம் கேட்டில் வைத்துப் பேசினேன்.

பணத்துக்கு இன்னும் முழு வழி தெரியவில்லை. நான் ஒன்றரை ஷிப்ட் பார்க்கிறேன் என்று சூப்பர்வைசரிடம் சொல்லியிருக்கிறேன். குழுவில் இரண்டு தவணை தள்ளிக் கட்ட ஒத்துக்கொண்டார்கள். பையன் முதலில் முகத்தைத் தூக்கி வைத்திருந்தான். பஸ்ஸில் வரும்போது அந்தப் பெரியவர் எப்படி ஒரே பார்வையில் ஓரம் தாழ்ந்ததைப் பார்த்தார் என்று கேட்டுக்கொண்டே வந்தான்.

@ஒரகடம்_பி_ஷிப்ட் தம்பி, கணபதி அண்ணன் 'ஆள் தேவை' என்று எழுதியிருக்கிறாரே. கேட்டுப் பாருங்கள்.

---

#17 கணபதி_லேத் | ஞாயிறு, இரவு 8.45

ஒரகடம் தம்பி, தனிச் செய்தி அனுப்பியிருக்கிறேன். சம்பளம் இப்போது வாங்குவதை விட முதல் ஆறு மாதம் குறைவாகத்தான் இருக்கும், மறைக்கவில்லை. பி.எஃப்.-இல் காட்டுகிறேன். மைக்ரோமீட்டர் பழைய மிட்டுடோயோ ஒன்று இருக்கிறது, நீங்களே வைத்துக்கொள்ளலாம்.

ஐயா, அந்த அப்ரண்டிஸ் பதிவை எப்படிப் போடுவது என்று எனக்கு ஒரு தடவை போனில் சொல்ல முடியுமா? கம்ப்யூட்டரில் மகள் உட்காருவாள்.

---

#18 அரமும்_ரம்பமும் | திங்கள், காலை 6.10

சனிக்கிழமை நேரிலேயே வருகிறேன். அனுமதிச் சான்று, ஆட்கள் எண்ணிக்கை, பேங்க் விவரம் எடுத்து வையுங்கள்.

அம்மா, பையன் சேர்ந்ததும் எழுதுங்கள்.

---

#19 தையல்மெஷின் | இரண்டு வாரம் கழித்து, ஞாயிறு

சேர்ந்துவிட்டான் ஐயா. பதிவு எண் போனுக்கு வந்தது. கோயம்புத்தூரில் மூன்று பையன்களோடு ரூம். நேற்று வந்தான். வந்ததும் யூனிஃபார்ம் சட்டையைக் கொடுத்து, ஆறு அங்குல ஸ்கேல் குத்தாமல் நிற்கிற மாதிரி மார்பில் நீளமாக ஒரு பை தைத்துத் தரச் சொன்னான். அந்தப் பெரியவர் சட்டையில் அப்படித்தான் இருக்கிறதாம். அளவு எடுத்து, அடியில் இரட்டைத் தையல் போட்டுக் கொடுத்தேன்.